மூன்றாவது பிளக்கில் இருந்த வெள்ளிப் புள்ளிகள்

கேள்வி: அண்ணாச்சிக்கு வணக்கம். எனக்கு வள்ளியூருக்குப் பக்கத்துக் கிராமம், வயது 27. மூன்று ஆண்டுகளுக்கு முன் 2007ஆம் ஆண்டு ஸ்விஃப்ட் பெட்ரோல் கார் ஒன்றை 1,60,000 ரூபாய்க்கு வாங்கினேன். நான்குவழிச் சாலையில் பெரிய வண்டிகளுக்கு ஈடுகொடுக்கும் காராக அதை மாற்ற வேண்டும் என்பது பள்ளிக்கூட நாளிலிருந்தே ஆசை. இதுவரை 17 அங்குல அலாய் வீலுக்கும் டயருக்கும் 62,000, வண்டியைத் தாழ்த்தும் ஸ்பிரிங்குக்கு 28,000, சைலன்சர் வேலைக்கு 35,000, பழைய டர்போ வாங்கிப் பொருத்த 1,10,000, கிளட்சுக்கு 24,000, எரிபொருள் அளவை மாற்றும் கூடுதல் கம்ப்யூட்டருக்கு 30,000, ஹெட் கேஸ்கெட் இரண்டு முறை மாற்ற 38,000, வழியில் நின்றபோது கட்டி இழுத்து வர 14,000 என்று 3,41,000 ரூபாய் போயிருக்கிறது. டர்போ போட்ட பிறகு 600 கிலோமீட்டர்கூட ஓடவில்லை. இப்போது மறுபடியும் ரேடியேட்டரில் குமிழ் வருகிறது. வெளிநாட்டு ஃபோர்ஜ்டு பிஸ்டனும் கனெக்டிங் ராடும் போட்டால் சரியாகும், 2,20,000 ஆகும் என்கிறார்கள் பட்டறையில். அம்மாவின் சங்கிலியை ஏற்கெனவே அடகு வைத்துவிட்டேன். அப்பா எதுவும் கேட்பதில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை. இன்னும் பணம் போடலாமா, வந்த விலைக்கு விற்றுவிடலாமா? எஞ்சினில் தீப்பொறி தரும் ஸ்பார்க் பிளக்குகளின் படம் இணைத்திருக்கிறேன்.

பதில்: தம்பி, கடிதத்தைப் படிக்கும் முன்பே படத்தைப் பார்த்துவிட்டேன். நான்கு பிளக்குகளையும் ஒரு செய்தித்தாளின் மேல் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் கீழும் எண் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்திருந்தது. ஒன்று, இரண்டு, நான்கு ஆகிய மூன்றும் கொஞ்சம் வெளுத்திருக்கின்றன. மூன்றாவது பிளக்கின் பீங்கான் சுண்ணாம்பு பூசியது போல் இருக்கிறது. அந்த வெள்ளையின் மேல் கடுகில் கால்வாசிகூட இல்லாத புள்ளிகள், வெள்ளி நிறத்தில். படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கரி என்றால் கறுப்பாக இருக்கும், எண்ணெய் என்றால் பிசுக்காக இருக்கும். இது அலுமினியம். உங்கள் மூன்றாவது பிஸ்டனின் தலை கொஞ்சம் கொஞ்சமாக உருகிப் பிளக்கில் தெறித்திருக்கிறது.

ஆகவே இரண்டு கேள்விகளுக்கும் முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த 2,20,000 ரூபாயைப் போடாதீர்கள். வண்டியை இப்போதைய நிலையில் விற்கவும் வேண்டாம், ஸ்டார்ட் செய்யவும் வேண்டாம். மற்றதையெல்லாம் நிதானமாகச் சொல்கிறேன்.

எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல் மூடும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் தகடுதான் ஹெட் கேஸ்கெட். உங்கள் இரண்டு கேஸ்கெட்டும் தரமில்லாததால் போகவில்லை என்றே நினைக்கிறேன். கேஸ்கெட் போனது விளைவு. உள்ளே நடப்பது நாக்கிங். பிளக்கிலிருந்து தீப்பொறி கிளம்பி, தீ சிலிண்டருக்குள் சீராகப் பரவ வேண்டும். காற்றின் சூடும் அழுத்தமும் அளவுக்கு மீறினால், தீ வந்து சேரும் முன்பே ஓரத்தில் ஒதுங்கியிருக்கும் கலவை தானாக வெடிக்கிறது. அந்த அடி பிஸ்டனின் தலையிலும் கேஸ்கெட்டின் வளையத்திலும் விழுகிறது. நிமிடத்துக்கு 5,000 சுற்று ஓடும் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் நிமிடத்துக்கு 2,500 முறை எரிகிறது. அத்தனை அடியை எந்தக் கேஸ்கெட் தாங்கும்?

நாக்கிங் இருந்தால் சத்தம் கேட்டிருக்குமே என்று நீங்கள் கேட்கலாம். பித்தளைச் சொம்பில் புளியங்கொட்டையைப் போட்டுக் குலுக்குவது போன்ற சத்தம் அது. கம்பெனி சைலன்சரோடு இருந்திருந்தால் முதல் நாளே உங்கள் காதில் விழுந்திருக்கும். 35,000 ரூபாய்க்குப் போட்ட சைலன்சரின் முழக்கம் அதை மூடிவிட்டது. உங்கள் செலவுப் பட்டியலில் என்னை மிகவும் வருத்தப்பட வைத்த வரி இதுதான். எஞ்சின் உங்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது, கேட்க வழியில்லாமல் போய்விட்டது.

பட்டியலில் இல்லாததையும் பார்த்தேன். காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போ இருக்கிறது, அந்தக் காற்றைக் குளிர வைக்கும் இன்டர்கூலர் இல்லை. காற்றை அழுத்தினால் அது சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டவர்களுக்குத் தெரியும். சித்திரை வெயிலில் வள்ளியூர்ச் சாலையில் உள்ளே போகும் காற்றே அனலாக இருக்கும். அதை டர்போ இன்னும் சூடாக்கி, குளிர வைக்காமல் நேரே சிலிண்டருக்குள் தள்ளியிருக்கிறது. டர்போவே இல்லாமல் ஓடுவதற்கென்று செய்த எஞ்சினுக்கு இது பெரிய கொடுமை.

பெட்ரோலும் மாறிவிட்டது. இன்று பெட்ரோல் பங்கில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்தது. எத்தனால் நாக்கிங்கை நன்றாகவே தடுக்கும், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும் என்றால், ஒரு கிலோ எத்தனாலுக்கு 9 கிலோ போதும். அதாவது அதே காற்றுக்கு எத்தனால் கலந்த பெட்ரோலைக் கூடுதலாகத் தர வேண்டும். சாதாரணமாக ஓட்டும்போது புகைக்குழாயில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார் பார்த்து இதைச் சரிசெய்துவிடும். ஆக்சிலேட்டரை முழுதாக அழுத்தியதும் வண்டியின் கம்ப்யூட்டர் சென்சாரின் பேச்சை விட்டுவிட்டு, தன் பட்டியலில் எழுதியிருக்கும் அளவையே கொடுக்கும். 2007இல் எழுதிய பட்டியலில் இந்த எத்தனாலும் இல்லை, உங்கள் டர்போவும் இல்லை. கூடுதலாகப் போட்ட கம்ப்யூட்டர் இதைச் சரிக்கட்ட வேண்டும். அதற்கு யாராவது காற்று, எரிபொருள் அளவுமானியைப் புகைக்குழாயில் மாட்டி, பாரம் ஏற்றி ஓட்டி, வரி வரியாகத் திருத்தியிருக்க வேண்டும். அப்படிச் செய்ததாக உங்கள் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை. பெட்டியை மாட்டிவிட்டு வண்டியைக் கையில் கொடுத்திருக்கிறார்கள் என்றே தோன்றுகிறது.

இந்த நிலையில் ஃபோர்ஜ்டு பிஸ்டன் போட்டால் என்ன ஆகும்? அது உறுதியானதுதான், அடியைக் கூடுதல் நேரம் தாங்கும். அடி நிற்காது. பிஸ்டன் உடையவில்லை என்றால் கேஸ்கெட் மறுபடி போகும். அதையும் பலப்படுத்தினால் கிளட்ச் வழுக்கும், பிறகு கியர் பாக்ஸ், பிறகு சக்கரத்துக்குப் போகும் டிரைவ் ஷாஃப்ட். 2024 ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேரின் வடம் அடுத்தடுத்து அறுந்ததைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இழுப்பு கூடும்போது, வடம் எங்கே நைந்திருக்கிறதோ அங்கே போய்ப் பிய்க்கும். ஒரு கம்பெனி கார் உருவாகும்போது கிளட்சிலிருந்து கடைசி போல்ட் வரை ஒரே பாரத்தைக் கணக்கில் வைத்துத்தான் செய்கிறார்கள். உங்கள் காரின் 1298 சிசி எஞ்சின் தருவது 87 குதிரைத்திறன். அதைச் சுற்றியுள்ள அத்தனை சாமானும் அந்த 87ஐ நம்பிச் செய்தவை. எஞ்சினில் மட்டும் கை வைத்தால், அடுத்த ஒவ்வொரு சாமானும் தன் முறைக்காகக் காத்திருந்து உங்களிடம் பணம் கேட்கும். மூன்று ஆண்டுகளாக நடந்திருப்பது அதுதான்.

இன்னொரு கணக்கையும் சொல்ல வேண்டும். வேகம் கூடக் கூட, காற்றைக் கிழித்துக்கொண்டு போகத் தேவையான சக்தி வேகம் x வேகம் x வேகம் என்ற கணக்கில் ஏறும். 160 கிலோமீட்டர் வேகம் போகும் வண்டியை 200 போக வைக்க, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு குதிரைத்திறன் வேண்டும். 25 விழுக்காடு வேகத்துக்கு 100 விழுக்காடு எஞ்சின். இதை முதல் நாளே யாராவது உங்களிடம் ஒரு தாளில் எழுதிக் காட்டியிருந்தால், நீங்கள் வேறு மாதிரி யோசித்திருப்பீர்கள்.

உங்கள் 3,41,000 ரூபாய்க் கணக்கை இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன். பிரேக்குக்கு என்று அதில் ஒரு ரூபாய்கூட இல்லை, தம்பி.

சில ஆண்டுகளுக்கு முன், எஞ்சினில் நிறைய வேலை செய்த கார் ஒன்று பாளையங்கோட்டையில் உள்ள என் பட்டறைக்கு வந்தது. வந்தது என்றால், லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். ஆரியங்காவிலிருந்து செங்கோட்டைக்கு இறங்கும்போது, புளியரை வளைவுகளுக்கு மேலே பிரேக் மிதி தரை வரை போய்விட்டிருக்கிறது. அந்த இளைஞர் பதறாமல் கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மலைப் பக்க மண்மேட்டில் உரசி நிறுத்தியிருக்கிறார். நான் பிரேக் ஆயிலை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் வடித்தேன். தேன் நிறத்தில் இருக்க வேண்டியது, பால் விடாத தேயிலைக் கஷாயம் போல் வந்தது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். இறக்கத்தில் ஓயாமல் மிதித்ததில் அது கொதித்து ஆவியாகி, மிதித்தது வெறும் குமிழை நசுக்கியது. சில நூறு ரூபாய் ஆயில்தான் அது. அந்தப் பாட்டிலை இன்றும் அலமாரியில் வைத்திருக்கிறேன், பார்க்கும்போதெல்லாம் வயிற்றைக் கலக்கும்.

80இல் போகும் வண்டியை நிறுத்துவதைவிட 120இல் போகும் வண்டியை நிறுத்த இரண்டே கால் மடங்கு ஆற்றலைப் பிரேக் விழுங்க வேண்டும். அதை விழுங்குவது உங்கள் 2007ஆம் ஆண்டு டிஸ்க்கும் பேடும். பின்னால் டிரம். தேரோட்டத்தில் வடம் பிடிப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். ஆனால் சக்கரத்தின் அடியில் கட்டை போடுகிறவர்களின் கையில்தான் ரத வீதி முழுவதும் தன் கண்ணை வைத்திருக்கும். நம் ஊரில் பிறந்த யாருக்கும் இது தெரியும். ஏனோ கார் என்று வரும்போது மட்டும் மறந்துவிடுகிறோம்.

உங்கள் சாலையையும் நினைத்துப் பார்த்தேன். வள்ளியூர், பணகுடி, காவல்கிணறு வழியில் ஆனி, ஆடியில் அடிக்கும் காற்றை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காற்றாலைகளை அங்கே சும்மா நட்டு வைக்கவில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயிலிருந்து குறுக்கே வரும் அந்தக் காற்று, லாரியைத் தாண்டிய கணத்தில் காரைப் பக்கவாட்டில் தள்ளும். தாழ்த்தும் ஸ்பிரிங்கைப் போட்டுவிட்டு, பழைய ஷாக் அப்சார்பரையும் தேய்ந்த ரப்பர் புஷ்களையும் அப்படியே விட்டிருந்தால், திரும்பப் பாதைக்குக் கொண்டுவரும்போது வண்டி ஆடும். நடுத்திட்டு இடைவெளியில் திடீரென்று திரும்பும் வாழைத்தார் வண்டி, எதிர்த்திசையில் வரும் இருசக்கர வாகனம், திருச்செந்தூருக்குப் பச்சை உடுத்தி விடிகாலையில் ஓரமாக நடந்து போகும் பாதயாத்திரைக் கூட்டம் எல்லாம் அதே சாலையில்தான். வேகத்தின் மேல் ஆசைப்படுவதில் தவறே இல்லை. எனக்கும் அந்த ஆசை உண்டு, அதனால்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். ஆனால் நடந்து போகும் அவர்கள் அந்த ஆசைக்குச் சம்மதம் சொல்லவில்லை.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து பதிவுச் சான்றிதழ் விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டுவது தனிக் குற்றம். உங்கள் வண்டி 2007 என்பதால் 15 ஆண்டு 2022இல் முடிந்து, ஐந்தாண்டுக்குப் பதிவைப் புதுப்பித்திருப்பார்கள். 2027இல் மறுபடியும் அதிகாரி முன் நிறுத்த வேண்டும். பானட்டைத் திறந்ததும் டர்போ தெரியும். விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் கம்பெனியும் அதைத்தான் முதலில் பார்க்கும்.

இனி என்ன செய்வது? கையில் இருக்கும் பணத்தில் முதலில் சங்கிலியை மீட்டுவிடுங்கள். பணம் போதவில்லை என்றால் அந்த 17 அங்குல வீல்களை விற்றுவிடுங்கள். உங்கள் காருக்குக் கம்பெனி கொடுத்தது 14 அங்குலம். பெரிய வீல் கனமானது, அதைச் சுற்ற வைக்கவும் நிறுத்தவும் கூடுதல் சக்தி வேண்டும். டயரின் பக்கச்சுவர் மெலிந்து போவதால் நாங்குநேரி டோல்கேட் வேகத்தடையிலேயே ரிம் அடி வாங்கும். அதை விற்றுவிட்டு நல்ல 185/70 ஆர்14 டயர் போட்டால், காரும் இலகுவாகும், கையிலும் கொஞ்சம் நிற்கும். பழைய டயர் என்றால் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு.

பிறகு எஞ்சின். எதையும் கழற்றும் முன் அளக்க வேண்டும். நான்கு பிளக்கையும் எடுத்துவிட்டு, பெட்ரோல் வருவதையும் தீப்பொறியையும் நிறுத்தி, ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்துக்கொண்டு, உள்ளே உண்டாகும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் கேஜில் ஒவ்வொரு சிலிண்டராகப் பார்க்கச் சொல்லுங்கள். நான்கு எண்கள் வரும். அவை ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருக்கிறதா என்பதே முக்கியம். மூன்றாவது மட்டும் தாழ்ந்திருந்தால் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயிலை அதற்குள் விட்டு மறுபடி அளக்க வேண்டும். எண் ஏறினால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கோ பிஸ்டனோ போயிருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். இந்த வேலைக்கு அரை மணி நேரம் போதும். மூன்று ஆண்டில் எந்த வேலைக்கு முன்பும் இதைச் செய்ததாக நீங்கள் எழுதவில்லை.

ஹெட்டைக் கழற்றியதும் நேர்கோட்டுச் சட்டத்தை வைத்து, இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்க்க வேண்டும். பொதுவாக 0.05 மில்லிமீட்டருக்கு மேல் வளைவு இருக்கக் கூடாது. ஹெட்டை மட்டும் லேத்தில் கொடுத்துச் சமப்படுத்திவிட்டு, கீழே இருக்கும் பிளாக்கின் முகத்தை அளக்காமல் மூடுவது நம் பக்கம் அடிக்கடி நடக்கும் தவறு. போல்ட்டுகளை, முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து, நடுவிலிருந்து வெளியே, படிப்படியாக முறுக்க வேண்டும். கை அளவு போதும் என்று சொல்லும் பட்டறையில் அந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

பிஸ்டன் போயிருந்தால் கம்பெனி அளவுப் பிஸ்டன், ரிங் போட்டு, டர்போவைக் கழற்றிவிட்டு, அந்த எஞ்சினை அது பிறந்த 87 குதிரைத்திறனுக்கே திரும்பக் கொண்டுவாருங்கள். சைலன்சரும் கம்பெனியுடையதே இருக்கட்டும். டர்போவையும் கூடுதல் கம்ப்யூட்டரையும் விற்றால், போட்டதில் ஒரு பகுதி வரும். எரிபொருள் குழாய்களின் ரப்பரையும் பாருங்கள், எத்தனாலுக்கென்று செய்யாத பழைய ரப்பர் வெடிப்பு விட்டிருக்கலாம். மிச்சப் பணத்தை டிஸ்க், பேட், பிரேக் ஆயில், ஷாக் அப்சார்பர், புஷ், வீல் அலைன்மென்ட் ஆகியவற்றில் போடுங்கள். சுமார் ஒரு டன் எடையுள்ள கார் அது. அதன் கால்கள் சரியாக இருந்தால் வளைவில் எவ்வளவு உயிரோடு திரும்பும் என்பதை நீங்கள் இன்னும் அனுபவிக்கவே இல்லை. வாங்கிய நாளிலிருந்து ஒரு மாதம்கூட அதை முழு நலத்தோடு ஓட்டியிருக்க மாட்டீர்கள்.

அப்படித் தயாரான வண்டியைக் கோவை செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேக்குக் கொண்டுபோங்கள். 2.1 கிலோமீட்டர்த் தடம். பொதுமக்கள் தங்கள் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்க நாள் ஒதுக்கும்போது விசாரித்துப் பதிவு செய்துகொள்ளுங்கள். அந்தத் தடத்துக்குப் பெயர் தந்த எஸ். கரிவர்தன், மாருதி 800இன் 796 சிசி எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கியவர். அதிகச் செலவில்லாமல் பிள்ளைகள் பந்தயம் பழக வேண்டும் என்று நினைத்தவர். 1995இல் விமான விபத்தில் இறந்துபோனார். 2005இல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் அந்த ஃபார்முலா மாருதி கார்களை ஓட்டியவர்தான். சிறிய எஞ்சின், குறைந்த எடை, நல்ல பிரேக், அளந்து செய்த வேலை. வளைவுக்கு முன் எங்கே பிரேக் மிதிப்பது என்று ஒரு நாள் முழுவதும் அங்கே பழகினால், இரண்டு லட்ச ரூபாய்ப் பிஸ்டன் தராத வேகம் உங்கள் காலுக்கு வரும். அதற்குப் பிறகும் கூடுதல் சக்தி வேண்டும் என்று தோன்றினால், சாலையில் ஓடாத, தடத்துக்கென்றே ஒரு வண்டியைப் பற்றி அன்று பேசுவோம். அந்தப் பேச்சுக்கு நானே வருகிறேன்.

பட்டறைக்காரர் மீது கோபமாக இருப்பீர்கள். அவர் ஏமாற்றினார் என்று நான் சொல்ல மாட்டேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் துணிவு இல்லாமல், ஒவ்வொரு முறையும் அடுத்த சாமானைச் சொல்லியிருக்கிறார். இந்தத் தொழிலில் அந்த வார்த்தை வாயில் வருவதற்கே வெகு காலம் ஆகும். நீங்கள் ஒன்று செய்யுங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, தேதி, வேலை, அளவு, தொகை என்று எழுதிக்கொண்டே வாருங்கள். கழற்றிய பழைய சாமானை ஒரு பையில் கேட்டு வாங்குங்கள். கொடுக்கத் தயங்கும் இடத்தில் வேலை கொடுக்க வேண்டாம்.

உங்கள் அப்பாவைப் பற்றி எழுதியிருந்ததை நான் மறக்கவில்லை. அவர் கேட்காமல் இருப்பதற்குக் காரணம், கேட்டால் நீங்கள் உடைந்துபோவீர்கள் என்ற பயமாக இருக்கலாம். சங்கிலியை மீட்டு அம்மாவின் கையில் கொடுக்கும் நாளில், கம்ப்ரெஷன் பார்க்கும்போது வந்து பக்கத்தில் நிற்கச் சொல்லி அவரைக் கூப்பிடுங்கள். கேஜின் முள்ளை ஒருவர் பார்த்துச் சொல்ல, இன்னொருவர் சாவியைத் திருக வேண்டும். எப்படியும் இரண்டு பேர் தேவைப்படும் வேலைதான் அது.

வந்த நான்கு எண்களையும், எண்ணெய் விட்ட பிறகு மூன்றாவதில் வந்த எண்ணையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். ஹெட்டைக் கழற்ற வேண்டுமா என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.